மஸ்டா 3 ஸ்டீரிங் பம்ப்: வீட்டில் எதுவரை சரி செய்யலாம்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், லாசா சாலைப் பக்கம் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னுடையது 2007 மாடல் மஸ்டா 3. சில நாள் ஸ்டீரிங் லேசாக இருக்கிறது, சில நாள் திருப்பவே முடியவில்லை. மழை பெய்தால் அதிகம். டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது. டவுன் பட்டறையில் பம்ப் போய்விட்டது, மாற்ற இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்கிறார்கள். வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது: சில நாள் லேசு, சில நாள் கனம், மழை வந்தால் அதிகம். உள்ளே பல்சக்கரம் தேய்ந்த பம்ப் ஒரு நாள் கெட்டு மறுநாள் நல்லதாகாது. அது மெல்ல மெல்ல மோசமாகிக்கொண்டே போகும், கூடவே சத்தமும் போடும். விட்டுவிட்டு வரும் கோளாறு, அதுவும் மழையோடு சேர்ந்து வருவது, பெரும்பாலும் கரண்ட் போகும் வழியில் இருக்கும். பேட்டரி, எர்த் வயர், ஃபியூஸ், கனெக்டர், இந்த நான்கையும் பார்க்காமல் யாரும் "பம்ப் போச்சு" என்று சொல்லக்கூடாது. பட்டறைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் கருவியில் ஸ்டீரிங் பம்ப் என்று ஒரு வரி வந்தால் பம்பை மாற்றிவிடுவது அவர்களுக்குச் சுலபம், வண்டி திரும்பி வராது. காசு கொடுப்பவர் நீங்கள், அதனால் பொறுமையாகப் பார்க்கும் வேலையும் உங்களுடையதாகிறது.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஸ்டீரிங் என்பது தெளிவாக வேண்டும். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், அவரவர் வண்டியை வைத்துச் சொல்வார்கள். பழைய புரோட்டோன் வாஜா, சாகா பி.எல்.எம். போன்றவற்றில் இன்ஜின் பெல்ட்டே பம்பைச் சுற்றுகிறது. "பெல்ட்டை இறுக்கு" என்ற யோசனை அங்கேதான் செல்லும். பெரோடுவா மைவியில் பம்பே கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஸ்டீரிங் தண்டிலேயே ஒரு மின்மோட்டார் உட்கார்ந்து உதவுகிறது. உங்கள் மஸ்டா இரண்டுக்கும் நடுவில்: எண்ணெய் அழுத்தம்தான் ரேக்கை, அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டை, தள்ளுகிறது, ஆனால் அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்பை மின்மோட்டார் சுற்றுகிறது. ஃபோர்டு ஃபோக்கஸ் இரண்டாம் தலைமுறை, பெஜோ 307, 308, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். எனவே கீழே சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த பம்ப் தனியாக ஒரு பொருள் அல்ல. மோட்டார், அதன் முனையில் எண்ணெயைத் தள்ளும் பம்ப், மோட்டாரை ஆட்டுவிக்கும் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, மூன்றும் ஒட்டிப் பிறந்தவை. இன்ஜின் ஓடுகிறது, வண்டி இவ்வளவு வேகத்தில் போகிறது, ஸ்டீரிங்கை இவ்வளவு வேகமாகத் திருப்புகிறார்கள் என்ற செய்திகள் அந்தப் பெட்டிக்கு வருகின்றன. நேராக ஓடும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றும். பார்க்கிங்கில் ஒடிக்கும்போது வேகம் கூட்டும், அப்போது அழுத்தம் நூறு பார் அளவுக்கு ஏறும், மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். காரில் ஸ்டார்ட்டருக்கு அடுத்து இவ்வளவு கரண்ட் தின்னும் சாமான் அதிகம் இல்லை. கோளாறுகள் எல்லாம் அந்த ஆம்பியரில்தான் பிறக்கின்றன.

ஒரு கணக்குச் சொல்கிறேன். கனெக்டரில் லேசாகக் களிம்பு பிடித்து 0.05 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். ரேடியோவுக்கோ பார்க்கிங் விளக்குக்கோ அது ஒன்றுமே இல்லை. ஆனால் 60 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்திலேயே 3 வோல்ட் தொலைந்துபோகிறது. 180 வாட் சூடு அங்கே கிளம்புகிறது, மூன்று சாலிடரிங் அயர்னைச் சேர்த்து அந்தக் கனெக்டர் மேல் வைத்த மாதிரி. பிளாஸ்டிக் உருகுவது இதனால்தான். பெட்டிக்கு 14 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11 வந்தால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். வண்டி ஆறியதும் மறுபடி வேலை செய்யும். உங்கள் "சில நாள்" கதை இப்படித்தான் இருக்கக்கூடும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆரம்பிக்கும் முன் முன்சக்கரம் இரண்டிலும் காற்றுச் சரியாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஸ்டீரிங்கைக் கையால் இரண்டு பக்கமும் திருப்புங்கள். சக்கரம் தரையில் படாதபோது எண்ணெயைத் தள்ளும் கனம் மட்டும் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கடித்துப் பிடித்தால் கோளாறு பம்பில் இல்லை. பால் ஜாயின்ட், ரேக், தண்டின் கீழே உள்ள ஜாயின்ட் என்று தேட வேண்டும். குடியிருப்பு வாசல் பெரும்பாலும் மண் தரை. மழைக்குப் பிறகு ஸ்டாண்டின் கால் மெதுவாக உள்ளே இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. தடித்த பலகை போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிறகு பேட்டரி. இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. ஏர்கான், ஹெட்லைட் இரண்டையும் போட்டுவிட்டு ஐடிலில் மறுபடி பாருங்கள். அப்போது 13க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் முதலில் சரி பண்ணுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி இரண்டு வருடம் தாண்டிவிட்டாலே சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆகிறதே என்று சொல்லாதீர்கள், ஸ்டார்ட் ஆகிற பேட்டரியிலும் இந்தப் பம்ப் கோபித்துக்கொள்ளும்.

மஸ்டாவை ஸ்கேன் செய்ய ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளும் அதை வண்டியோடு இணைக்கும் அடாப்டரும் போதும். இது ஃபோர்டு, மஸ்டா இரண்டுக்கும் உரியது, சாதாரண ஸ்கேன் கருவி பார்க்காத ஸ்டீரிங் பெட்டிக்குள்ளும் எட்டிப்பார்க்கும். B1318 என்று வந்தால் வோல்டேஜ் குறைவு என்று பொருள், மேலே சொன்ன பக்கம்தான் போக வேண்டும். B1342 என்றால் பெட்டி தன் உள்ளேயே கோளாறு என்று சொல்கிறது. அதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடாதீர்கள். அழித்துவிட்டு, கரண்ட் வழியைச் சரி செய்து, மறுபடி வருகிறதா பாருங்கள்.

இனி முக்கியமான அளவு. கூட ஒரு ஆள் வேண்டும். பம்ப் உங்கள் வண்டியில் முன் பம்பருக்குப் பின்னால், ஹெட்லைட்டுக்குக் கீழே தாழ்வாக இருக்கிறது. உள் மட்கார்டு பிளாஸ்டிக்கை விலக்கினால் கனெக்டர் தெரியும். தடித்த வயர் இரண்டு, ஒன்று பேட்டரிக்கு, ஒன்று எர்த்துக்கு. கூட மெல்லிய வயர்கள் உள்ள சின்னக் கனெக்டரும் இருக்கும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் மறுமுனையைப் பம்பின் தடித்த பிளஸ் வயர் கனெக்டருக்குள் நுழையும் இடத்திலும் வையுங்கள். கைக்கும் மீட்டர் வயருக்கும் ரேடியேட்டர் விசிறியும் பெல்ட்டும் எட்டாத தூரம் இருக்கட்டும். இன்ஜின் ஓட, சக்கரம் தரையில் இருக்க, கூட இருப்பவர் ஸ்டீரிங்கை ஒடிக்கட்டும். மீட்டர் காட்டுவது வழியில் தொலைகிற வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ அழுகல். எர்த் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி மைனஸிலிருந்து பம்பின் எர்த் வயர் வரை. அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. ஃபியூஸின் இரண்டு பக்கமும் இதே சோதனையைச் செய்யலாம். போல்ட் போட்டு இறுக்கிய பெரிய ஃபியூஸ் அது, உடையாமலே அதன் போல்ட் தளர்ந்து சூடாவது உண்டு.

ஒரு எச்சரிக்கை: மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இந்த வயரில் நேராகக் கோர்க்காதீர்கள். சாதாரண மீட்டர் 10 ஆம்பியர்தான் தாங்கும். கரண்ட்டை அளக்க வேண்டும் என்றால் வயரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதுவும் டிசி அளக்கக்கூடியதாக. இது கிடைத்தால் நல்ல சேதி கிடைக்கும். ஒடிக்கும்போது ஆம்பியர் ஏறுகிறது, ஆனால் ஸ்டீரிங் கனமாகவே இருக்கிறது என்றால் மோட்டார் உழைக்கிறது, எண்ணெய்ப் பக்கம்தான் கோளாறு. ஆம்பியரே இல்லை, பம்புக்கு வோல்ட் முழுதாக வருகிறது என்றால் பெட்டியோ, மோட்டாரோ, இல்லை அந்த மெல்லிய வயரில் வரும் செய்தியோதான். இன்ஜின் ஓடுகிறது என்ற செய்தி வராமல் பம்ப் சுற்றாது, அதனால் சின்னக் கனெக்டரையும் விட்டுவிடாதீர்கள்.

கனெக்டரில் பச்சைக் களிம்போ கருகலோ கண்டால், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் மின் கிரீஸ் தடவுங்கள். எர்த் வயர் பாடியில் பூட்டியிருக்கும் இடத்தையும் பெயின்ட் போகச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். பிளாஸ்டிக் கருகியிருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு, அதே தடிமனான செம்புக் கம்பியில் புது லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது) நசுக்கிப் போட வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஆம்பியருக்குத் தாங்காது, தீப்பிடிக்கும். வண்டி கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை முன் பம்பருக்குள் பீய்ச்ச வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். செம்மண் சாலைக் குழிகளில் தெறிக்கும் தண்ணீரே அந்தக் கனெக்டருக்குப் போதும்.

கரண்ட் வழி சுத்தம், ஆனாலும் கோளாறு தீரவில்லை என்றால் எண்ணெய்க்கு வாருங்கள். மஸ்டா 3 விஷயத்தில் இது சாதாரணச் சந்தேகம் அல்ல. 2010இல் அந்த நிறுவனம் 2007 முதல் 2009 வரையிலான மஸ்டா 3, மஸ்டா 5 வண்டிகளை அமெரிக்காவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. காரணம், உயர் அழுத்தக் குழாயின் உள்ளே உண்டான துரு எண்ணெயில் கலந்து பம்புக்குள் போனது. துரு போனால் பம்ப் இறுகும், மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கும், பெட்டி உடனே உதவியை நிறுத்திவிடும். ஆகவே எண்ணெய் டப்பாவைத் திறந்து, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, பொடிப்பொடியாக மினுங்கினால் உலோகம் தேய்கிறது. பழுப்பு மண்டி என்றால் துருவை நினையுங்கள். நுரை என்றால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. டப்பாவில் எண்ணெய் குறைந்தால் பம்ப் ஊளையிடும், அதைப் பம்பின் சாவுச் சத்தம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒழுகல் தேடும்போது கையால் தடவிப் பார்க்காதீர்கள். நூறு பார் அழுத்தத்தில் ஊசித் துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதற்கு ஆஸ்பத்திரியில் அறுவைதான். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

எண்ணெய் மாற்றுவது வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. டப்பாவைக் காலி செய்து, திரும்பி வரும் மெல்லிய ஹோஸைக் கழற்றிப் பழைய போத்தலுக்குள் விட்டு, டப்பாவில் அந்த வாயை அடைத்து, புது எண்ணெய் ஊற்ற ஊற்ற, இன்ஜினைப் போடாமல், தூக்கிய சக்கரங்களை இரண்டு பக்கமும் திருப்புங்கள். அழுக்கு வெளியே வரும். தெளிவாக வரும்வரை தொடரலாம், ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும். டப்பா வறண்டு போக விடாதீர்கள். எந்த எண்ணெய் என்பதில் மட்டும் விளையாடக் கூடாது. உங்கள் மஸ்டாவுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்). ஃபோக்ஸ்வாகன் வண்டிக்குப் பச்சை ஹைட்ராலிக் எண்ணெய். இரண்டையும் கலந்தால் சீல் கெடும். மூடியிலும் புத்தகத்திலும் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.

சீல் என்றதும் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒழுகினால் பழைய ரப்பர் தகட்டை வட்டமாக வெட்டிச் செருகுவது தோட்டத்தில் கைவந்த கலை. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. ஆனால் மரத்துப்பாலில் செய்த இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப் பெருத்து, கூழாகிவிடும். அந்தத் துணுக்கு பம்புக்குள் போனால் மிச்சமிருந்ததும் போச்சு. இங்கே வேண்டியது நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங். பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். செம்பனைக் காய் ஏற்றும் லோரிகளுக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடிக்கும் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றனவே, அங்கேயே கேட்கலாம்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால்தான் பம்பைக் கழற்ற வேண்டும். கழற்றி என்ன செய்யலாம்? வெளி ஓ-ரிங், ஹோஸ் முனை, உடைந்த பிளாஸ்டிக் டப்பா, இவை மூன்றும் உங்கள் கையால் முடியும். எலக்ட்ரானிக் பெட்டியைத் திறந்து, தடித்த முனைகளில் சாலிடர் விரிசல் விட்டிருப்பதைக் கண்டு மறுபடி உருக்கிச் சரி செய்தவர்கள் உண்டு. அதற்குப் பெரிய சாலிடரிங் அயர்னும் பழகிய கையும் வேண்டும். சின்ன அயர்னால் தடித்த செம்பு சூடேறாது, மேலே மட்டும் பூசிய மாதிரி நிற்கும், அடுத்த குழியில் மறுபடி விடும். ஆம்ப்ளிஃபையர், வெல்டிங் மெஷின் போர்டு பார்க்கும் ஆள் தெரிந்தால் அவரிடம் கொடுப்பது நல்லது. டிரான்சிஸ்டர் கருகியிருந்தாலோ, கனெக்டர் குழிக்குள்ளேயே எண்ணெய் வந்திருந்தாலோ வீட்டில் முயல வேண்டாம். எண்ணெய் அங்கே வந்தது என்றால் தண்டு சீல் போய், மோட்டார் குளித்துவிட்டது என்று பொருள். பல்சக்கரம் தேய்ந்த பம்பையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். அதன் இடைவெளிகள் தலைமுடியைவிட மெல்லியவை, வீட்டு மேசையில் சரி செய்ய ஏதுமில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் புதிது ஒன்றே வழி அல்ல. ஈப்போவிலும் கிள்ளான் பக்கமும் ஹாஃப் கட் கடைகளில் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்பவை) ஜப்பானிலிருந்து வந்த பழைய பம்ப் கிடைக்கும். மஸ்டா 3க்கு ஜப்பானில் ஆக்ஸெலா என்று பெயர், தவுக்கேயிடம் அந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பம்பின் ஸ்டிக்கரைப் போன் கேமராவில் எடுத்துப் போய், பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போகிறதா பாருங்கள். கனெக்டர் குழி சுத்தமா, எண்ணெய் ஈரம் இருக்கிறதா, தண்ணீரில் மூழ்கிய அடையாளம் உண்டா என்று கடையிலேயே பாருங்கள். போட்ட பிறகு வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். பெஜோ, ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றில் பம்பை மாட்டிய பின் கணினியில் கோடிங் செய்ய வேண்டி வரலாம், வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். முக்கியமாக, துருப்பிடித்த பழைய உயர் அழுத்தக் குழாயோடு நல்ல பம்பைச் சேர்க்காதீர்கள். குழாயை மாற்றி, ரேக்கையும் கழுவிய பிறகே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய பம்பும் அதே துருவைத் தின்னும்.

மாட்டிய பின் காற்று எடுப்பதில் அவசரம் வேண்டாம். டப்பாவை நிரப்பி, சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜினைப் போடாமல் முழுக்க இடது, முழுக்க வலது என்று மெதுவாகப் பல முறை திருப்புங்கள். குமிழி நின்ற பிறகு இன்ஜினைப் போட்டு மறுபடி. கடைசி முனையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், அங்கே அழுத்தமும் ஆம்பியரும் உச்சத்தில் நிற்கும். பால் நிறமாக நுரைத்தால் அணைத்துவிட்டு, எண்ணெய் தெளியும்வரை விட்டு மறுபடி தொடங்குங்கள்.

வெளியே எடுத்த எண்ணெயைச் சாக்கடையிலோ செம்பனை மரத்தடியிலோ கொட்டாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய ஹைட்ராலிக் எண்ணெய் எஸ்டபிள்யூ 306 என்ற பிரிவில் இருக்கிறது. போத்தலில் மூடி, கழிவு எண்ணெய் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பம்ப் நின்றாலும் ஸ்டீரிங் தண்டு சக்கரத்தோடு இணைந்தேதான் இருக்கிறது, கைபலம் போட்டால் வண்டி திரும்பும். ஆனால் வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று உதவி நின்றால், எதிரே காய் லோரி வந்தால், அந்த ஒரு விநாடி போதும். அதனால் விளக்கு எரிகிற வரைக்கும் கோலகங்சார், ஈப்போ என்று நீண்ட ஓட்டம் வேண்டாம், வீட்டில் வேறு யாருக்கும் சாவியைக் கொடுக்கவும் வேண்டாம். சரி செய்த பிறகும் முதலில் குடியிருப்புக்குள் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கனெக்டரின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருந்தால் அந்த இணைப்பில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. மீட்டரை எடுத்து அதே இரண்டு அளவுகளையும் மறுபடி பார்த்து, வந்த எண்களை எனக்கு எழுதுங்கள்.